இரண்டரை ஆள்

காலை ஐந்து பத்துக்கு
மேட்டுத் திருப்பத்திலிருந்து கிளம்பும் முதல் பேருந்தை
நான்தான் நிறுத்தினேன்.
மூன்று வருடம் முன்பு, கம்பெனி மேசையில்,
ஆறிப்போன தேநீருக்குப் பக்கத்தில்.
அட்டவணையில் ஒரு வரியைத் தொட்டேன், அழித்தேன்.
ஒரு விரலுக்கு மேல் வேலையில்லை.

காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது.
சராசரிப் பயணிகள், திங்கள் முதல் சனி வரை:
இரண்டரை.
அரை ஆள் எப்படிப் படியேறுவார் என்று
யாரும் கேட்கவில்லை.
நானும்.

வடக்கு இங்கிலாந்தின் இந்தப் பள்ளத்தாக்கில்
அப்போது பேருந்துகளுக்கு நான்கு நிறம்.
ஊதாவில் வாங்கிய சீட்டு பச்சையில் செல்லாது.
கடைவீதியில் மூன்று பேருந்து
ஒன்றன் வாலை ஒன்று முகர்ந்துகொண்டு போகும்,
மேட்டில் மழை மட்டும் நேரத்துக்கு வரும்.
எங்கே எங்கள் வண்டி என்றால்
நகராட்சி கம்பெனியைக் கைகாட்டும்,
கம்பெனி சந்தையைக் கைகாட்டும்.
சந்தைக்கு ஏது கதவு, தட்டுவதற்கு?

பிறகு அந்தக் கூட்டம். ஏழு மணி நேரம்.
ஓர் உறுப்பினர் தூங்கி, எழுந்து, ஆதரித்து வாக்களித்தார்.
தடம், நேரம், கட்டணம் இனி நகராட்சியுடையது;
கம்பெனிகள் கூலிக்கு ஓட்டினால் போதும்.
எல்லா வண்டிக்கும் ஒரே கருஞ்சிவப்பு.
கம்பெனியில் ஒரு நாற்காலி குறைந்தது,
நகராட்சியில் ஒன்று கூடியது.
இரண்டிலும் உட்கார்ந்தவன் நான்.
திறந்தால் அதே கோப்பு.

"வெட்டியதை எல்லாம் திருப்பிக் கொண்டுவர
காசில்லை, ஓர்மராட்," என்றார் புதிய மேலாளர்.
"யார் யார் என்று போய்ப் பார்த்து வாருங்கள்."

போனேன்.
முதல் ஆள் க்ளெனிஸ் டாட்டர்சால்.
முதியோர் இல்லத்தில் பதினோரு பேரை
எழுப்பி, துடைத்து, உட்கார வைப்பவள்.
மூன்று வருடமாக ஐம்பது நிமிடம் நடக்கிறாள்.
டாக்சி பிடித்தால் முதல் ஒரு மணி நேரச் சம்பளம் டாக்சிக்கே.

இரண்டாமவர் ஸ்பிக்னியேவ், ரொட்டி ஆலை.
சைக்கிள் வாங்கியிருக்கிறார்.
பனி உறைந்த வளைவில் விழுந்த முழங்கையை
சட்டைக் கையை மடித்து
சீட்டுப் பரிசோதகரிடம் காட்டுவதுபோலக் காட்டினார்.

அரை ஆளைத் தேடத்தான் நேரமானது.
பதினான்காம் எண் வீடு, இத்ரீஸ் குரேஷி.
திங்கள், புதன், வெள்ளி:
ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம்
அவர் ரத்தம் இயந்திரத்துக்குள் போய்த் திரும்பும்.
ஆறு நாளில் மூன்று நாள். கணக்கு சரிதான்.
சொன்னேன். சிரித்தார்.
"முழு ஆளுக்கான காசைத்தானே வாங்கினீர்கள்?"

அழித்தது நான் என்று
க்ளெனிஸிடம் மட்டும் சொன்னேன்.
ஏன் அவளிடம் என்று தெரியவில்லை.
அவள் கத்தவில்லை.
"நீங்கள் எத்தனை மணிக்கு வேலைக்குப் போவீர்கள்?"
ஒன்பதுக்கு.
"காரிலா?"
காரில்.
அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை.

ஐந்து பத்து திரும்பி வந்துவிட்டது.
அதற்கான காசு வானத்திலிருந்து விழவில்லை;
ஏரிச் சாலையில் பத்து நிமிடத்துக்கு ஒன்று ஓடியதை
பதினைந்துக்கு ஒன்றாக்கினேன்.
அந்தச் சாலைக்காரர்கள் விடாமல் கூப்பிடுகிறார்கள்.
ஒருவர் என்னைத் திருடன் என்றார்.
பெயரைக் குறித்துக்கொண்டேன்,
அவரும் என் பெயரைக் குறித்துக்கொண்டார்.
முன்பெல்லாம் என்னை யாரும் திட்டியதில்லை.
திட்டுவதற்கு விலாசம் இருந்ததில்லை.

நேற்று விடிவதற்குள் தொலைபேசி அடித்தது.
ஐந்து பதின்மூன்று.
"ஓர்மராட், இன்னும் வரலை."
போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்து
மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.
காற்றுக்குப் பின்னால், கியர் மாற்றி
மேடேறும் எஞ்சின் சத்தம்.
"சரி, வந்துடுச்சு," என்று வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை.
ஏறியவர்கள் இரண்டு பேர்.